நாலு மணிக்குப் போகும் கார்

அத்தியாயம் பதினாறு

மெக்கானிக் அம்புறோஸ் கடைசியில் வாயைத் திறந்தார். முகத்தை மட்டும் காட்டவில்லை.

உயர்த்திவைத்த கார்ப் பொனற்றுக்கு அந்தப் பக்கம் குனிந்து நின்றபடி, "இறங்கி வாரும் தம்பி. இறங்கினால் சொல்லுறன்" என்றார்.

"இறங்கமாட்டன். நான் இதுக்குள்ள இருக்கத்தக்கதாய் என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ."

"அது ஏலாது."

"ஏன் ஏலாது?"

"நீர் காருக்குள்ள இருக்கிறீர்."

குகதாசன் ஸ்டியறிங்கில் ஓங்கி அடித்தான். ஊர்காவற்றுறைச் சந்தியில் இருந்த அந்தச் சின்னக் கராச்சுக்குள் தகரம் அதிர்ந்தது.

நாற்பத்து நான்கு நாட்களாக அவனை வதைத்துக்கொண்டிருந்த கேள்வி அது. கொழும்பில் வரைபடம் கீறும் உத்தியோகத்தில் நீண்ட லீவு எடுத்துக்கொண்டு புளியங்கூடலுக்கு வந்தவன், அண்ணன் தியாகராசா விட்டுப்போன சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வெளியே எடுத்த நாளிலிருந்து இது நடக்கிறது. சீமைக்குத் திரும்பிப்போன ஒரு தோட்டத்துத் துரையிடம் அறுபத்தாறாம் ஆண்டு ஆவணியில் தியாகராசா வாங்கிய கார் அது. வாங்கிவந்த பதினோராம் நாள் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டு வருடம் கார் தறப்பாளுக்குக் கீழே கிடந்தது.

நடந்து போனால் ஊர் குகதாசனோடு நன்றாகத்தான் கதைத்தது. "எப்ப கொழும்புக்குத் திரும்புறீர்?" என்று கேட்டது. மோர் குடிக்கக் கூப்பிட்டது. காரில் ஏறிவிட்டாலோ, கடையில் பேப்பர் வாசிப்பவர்கள் சுவர்ப்பக்கம் திரும்பினார்கள். கிணற்றடிப் பெண்கள் வாளியை விட்டுவிட்டு வேலியைப் பார்த்தார்கள். கரம்பொன் பஸ் தரிப்பில் பதினைந்து பேர், சொல்லிவைத்தாற்போல் ஒரே நேரத்தில் முதுகைத் திருப்பினார்கள். பாடசாலைப் பிள்ளைகள் தண்டனை வாங்கியவர்களைப் போல மதிலோடு வரிசையாக நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் திட்டவில்லை.

நாய்கள் மட்டும் பார்த்தன.

"எனக்கு ஒருத்தரும் பாக்கத் தேவையில்லை, அண்ணை" என்றான் குகதாசன். "ஏனெண்டுதான் தெரியவேணும்."

பொனற்றுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. "தேவையில்லையோ? அப்ப நேர் ரோட்டு இருக்க ஏன் ஊரெல்லாம் சுத்திக்கொண்டு வாறனீர்? போன கிழமை அந்த மழைக்குள்ள கூரையையும் போடாமல் நனைஞ்சுகொண்டு வந்தனீரே, அது ஆருக்காக?"

சின்ன வயதிலிருந்தே குகதாசன் 'தியாகுவின் தம்பி'. ஆறடி உயரமும் பந்தடியில் வாங்கிய கோப்பைகளுமாக அண்ணன் முன்னால் நடந்தான்; ஐந்தடி நாலங்குலக் குகதாசன் பின்னால் நடந்தான். ஒருநாளாவது ஊர் தன்னைத் தனக்காகப் பார்க்க வேண்டும் என்று அவன் விரும்பியதை அம்புறோஸிடம் எப்படிச் சொல்வது?

அவன் கதவைத் திறந்து இறங்கினான். அந்தக் கணமே அம்புறோஸ் நிமிர்ந்து, அவன் கண்ணை நேராகப் பார்த்து, "வாரும், தேத்தண்ணி குடிப்பம்" என்றார்.

கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் மற்றதைச் சொன்னார்.

"உம்மடை அம்மா கேட்டவ."

"என்னத்தை?"

"நீர் இந்தக் காரை எடுத்த அண்டைக்குப் பின்னேரம், தட்டத்திலை வெத்திலை பாக்கு வைச்சுக்கொண்டு, கலியாணத்துக்குச் சொல்லப் போறவ மாதிரி வீடு வீடாய்ப் போனவ. இஞ்சை என்ரை மனிசி மரியநாயகியிட்டையும் வந்தவ. 'மூத்தவனை ஊர்க்கண் கொண்டுபோட்டுது. இளையவன் நான் சொல்லிக் கேக்கிறான் இல்லை. நாப்பத்தஞ்சு நாளைக்கு அந்தக் காரிலை போற ஆளிலை ஒரு கண்ணும் படாமல் வைச்சிருக்கிறன் எண்டு நயினாதீவு அம்மாளாச்சிக்கு நேர்ந்துபோட்டன். என்ரை பிள்ளையைப் பாக்காதேங்கோ' எண்டு கும்பிட்டவ."

குகதாசன் கோப்பையைப் பக்கத்தில் வைத்தான்.

"நாங்கள் வேதக்காரர், எங்களுக்கு உந்த நேர்த்தியொண்டும் இல்லையெண்டு சொல்லியிருக்கலாம். பிள்ளையைப் பறிகுடுத்த ஒரு தாய் படலை வாசலிலை நிண்டு கையெடுக்கேக்கை ஆராலை அப்பிடிச் சொல்ல ஏலும்? உமக்குச் சொல்லவேண்டாம் எண்டும் கேட்டவ. இண்டைக்கு நாப்பத்து நாலு. நாளையோடை முடியுது. இனிச் சொன்னாப் பிழையில்லை."

குகதாசன் திரும்பி வெளியே சந்தியைப் பார்த்தான். ஒரு ஊர் முழுவதும் தன்னை வெறுக்கிறது என்று நினைத்திருந்தான். ஒரு ஊர் முழுவதும் அம்மாவுக்காக நாற்பத்து நான்கு நாள் கழுத்தைத் திருப்பியிருக்கிறது.

அவன் எழுந்து காரருகே போனபோது அம்புறோஸ் ஏதோ நினைவு வந்தவராக, "ஒண்டு கேக்க மறந்துபோனன்" என்றார். "வெள்ளிக்கிழமை ஏன் அவ்வளவு மெதுவாய்ப் போனனீர்?"

"எந்த வெள்ளிக்கிழமை?"

"இப்ப போனது. உங்கட ஊரிலை தண்ணிமிசின் ஒண்டு பூட்ட வந்தனான். பின்னேரம் நாலு மணி. நீர் சுருவில் ரோட்டாலை கடற்கரைப் பக்கம் போனனீர். நான் வேலியைப் பாத்துக்கொண்டு நிண்டனான். வழமையாய்ப் பறக்கிற ஆள், அண்டைக்கு ஊர்வலம் போனமாதிரிப் போனனீர்."

"வெள்ளிக்கிழமை நான் அம்மாவோடை நயினாதீவிலை நிண்டனான், அண்ணை. பஸ்ஸிலைதான் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போனனாங்கள். அம்மா இந்தக் காரிலை ஏறமாட்டா. திரும்பி வர ஆறரை மணி. கார் வீட்டிலை நிண்டது."

"இல்லைத் தம்பி. இது என்ரை கையாலை பூட்டின எஞ்சின். இதின்ரை இருமல்கூட எனக்குத் தெரியும். கார் போனது."

"ஆர் ஓட்டினது?"

"நான்தான் பாக்கேல்லையே" என்றார் அம்புறோஸ். அதைச் சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவருக்கே விளங்கியது. மெல்ல நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

குகதாசனுக்கு இன்னொன்று நினைவு வந்தது. சனிக்கிழமை காலை அவன் காரில் ஏறி உட்கார்ந்தபோது கால் பெடலுக்கு எட்டவில்லை. சாரதி இருக்கை கடைசிப் பல்வரைக்கும் பின்னால் தள்ளப்பட்டிருந்தது. ஏதோ கழன்றுவிட்டதாக்கும் என்று முன்னால் இழுத்துப் பூட்டிக்கொண்டு போய்விட்டான்.

அந்த வீட்டில் அவ்வளவு நீளக் கால் உள்ளவர் ஒருவர்தான் இருந்தார்.

*

நாரந்தனை மதகடியில் மீன்கடகத்தோடு நடந்துகொண்டிருந்த அல்போன்சம்மா, சத்தம் கேட்டதும் பனைமரத்தோடு முகத்தை ஒட்டிக்கொண்டாள். குகதாசன் காரை நிறுத்திவிட்டு இறங்கினான்.

"இறங்கிட்டியளோ தம்பி? திரும்பலாமோ?"

"திரும்புங்கோ அக்கா."

அவள் திரும்பி ஒரு பெருமூச்சு விட்டாள். "அப்பாடா. இந்த மாதம் முழுக்க மரத்தையும் வேலியையும் பாத்துப் பாத்து, வீட்டுக்காரன்ரை முகமே மறந்துபோச்சு. நாளையோடை விடுதலை."

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு எங்கை நிண்டனீங்கள்?"

அவள் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. "ஏன் கேக்கிறியள்?"

"சொல்லுங்கோ."

"சுருவில் கடற்கரைக்குப் போற ரோட்டிலை நிண்டனான். கார் வந்தது. நான் திரும்பிட்டன்." கடகத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "நீங்கள் ஹோன் அடிக்கிறது ஒரே நீட்டுத்தானே. அண்டைக்கு ரெண்டு கட்டை, ஒரு நீட்டு. எனக்கு மயிர் குத்திட்டுது."

குகதாசனுக்கும் குத்திட்டது. அந்தப் பதினொரு நாளும் படலையடிக்கு வந்ததும் அண்ணன் அப்படித்தான் அடிப்பானாம். இரண்டு குறில், ஒரு நெடில். அண்ணி ஓடிப்போய்ப் படலையைத் திறப்பாளாம். கொழும்பிலிருந்த அவனுக்கு அம்மா கடிதத்தில் எழுதியிருந்தாள்.

"பயந்துபோனியளோ அக்கா?"

"நானோ? செத்தவை கார் ஓட்டினால் எனக்கென்ன தம்பி, மீன் வாங்கினாச் சரி" என்றாள் அல்போன்சம்மா. ஆனால் மீன் வேண்டுமா என்றுகூடக் கேட்காமல் நடக்கத் தொடங்கினாள். போகும்போது ஒருமுறை திரும்பி, "போகேக்கையும் வரேக்கையும் நல்ல மெதுவு. அவசரமில்லாத ஆக்கள் போறமாதிரி" என்றாள்.

ஆக்கள். ஒருவரல்ல.

அதை நினைத்துக்கொண்டே வந்ததால்தான் குகதாசன் அடுத்த வளைவில் கொஞ்சம் வேகமாக வந்துவிட்டான்.

இளைப்பாறிய போஸ்ட்மாஸ்டர் வைத்திலிங்கம் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓரமாகத்தான் போனார். கார்ச் சத்தம் கேட்டதும் விதிப்படி வேலிப்பக்கம் திரும்பினார். வேலியில் படர்ந்திருந்த முள் முகத்தில் குத்தியதால் ஓரடி பின்னால் வைத்தார். சைக்கிளுக்கு இடம் போதாமல் இன்னுமொரு அடி. முதுகைக் காட்டியபடியே, நடுரோட்டுக்கு.

குகதாசன் பிறேக்கை மிதித்தான். கார் வழுக்கிக் குறுக்கே திரும்பி, மண்ணைக் கிளப்பிக்கொண்டு நின்றது. சைக்கிளின் பின்சில்லு காரின் பம்பருக்குக் கீழே போய் நெளிந்தது. கிழவருக்கும் காருக்கும் நடுவில் ஒரு சாண்.

புழுதி அடங்கியது. வைத்திலிங்கம் திரும்பவில்லை. வேட்டி காற்றில் படபடக்க, வேலியைப் பார்த்தபடியே சொன்னார்:

"எனக்கு ஒண்டுமில்லைத் தம்பி. நீர் போம். நான் பாக்கேல்லை, பயப்பிடாதையும்."

குகதாசன் ஸ்டியறிங்கில் தலையை வைத்து, அழாமல் அழுதான்.

*

கார் படலைக்குள் நுழைந்தபோது விறாந்தையில் சுளகும் கையுமாக இருந்த அம்மா இலட்சுமிப்பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நாளை நயினாதீவில் வைக்கும் பொங்கலுக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"இறங்கிட்டியோ மோனை?"

"இறங்கிட்டன்."

திரும்பிச் சிரித்தாள். இத்தனை நாளும் அம்மா அந்தக் காரை வெறுப்பதால் முகம் திருப்புகிறாள் என்று அவன் நினைத்திருந்தான்.

"அம்மா, வைத்திலிங்கம் ஐயா இண்டைக்குச் சாகப் பாத்தார்."

"ஏன், நெஞ்சு வருத்தமோ?"

"என்ரை காராலை. நீங்கள் சொன்னதெண்டு முதுகைக் காட்டிக்கொண்டு நடுரோட்டுக்கு வந்திட்டார்."

சுளகு நின்றது. "உனக்கு ஆர் சொன்னது?"

"ஆர் சொன்னால் என்ன? என்னைக் காப்பாத்திறன் எண்டு ஊரைக் கொல்லப் பாக்கிறியள்."

"பாக்காததாலை ஒருத்தரும் சாகேல்லை, ராசா. உன்ரை கொண்ணை பாத்ததாலைதான் போனவன்."

"அண்ணை காய்ச்சலிலை போனவர்."

"காய்ச்சல் எங்கையிருந்து வந்தது?" அவள் குரல் உயரவில்லை. "அனலைதீவிலையிருந்தெல்லாம் வள்ளத்திலை வந்து பாத்திட்டுப் போனவை. என்ரை பிள்ளையும் உயரமும், அந்தச் சிவப்புக் காரும். ஆர் கூப்பிட்டது தெரியுமோ? நான். 'வாங்கோ, வந்து பாருங்கோ' எண்டு படலையிலை நிண்டு போற வாற சனத்தையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினது நான். தேத்தண்ணி ஊத்திக் குடுத்துக் காட்டினது நான்."

குகதாசனின் கோபம் அந்த இடத்திலேயே வற்றிப்போனது. கீழே உட்கார்ந்து சுளகை அவள் கையிலிருந்து வாங்கினான்.

"நாளைக்கு மட்டும்தானே? நான் நாளைப் பின்னேரம்வரைக்கும் காரைத் தொடமாட்டன். சரியோ?"

"தொடாட்டி நல்லது." அவள் அவன் தலையைத் தடவினாள். "ஆனா ஒண்டு மோனை. நேர்த்தி கடைசி நாளிலை உடையப்படாது. உடைஞ்சால் இவ்வளவு நாளும் தடுத்துவைச்ச கண்ணெல்லாம் ஒருமிக்க வந்து விழும். அந்த நேரம் காருக்குள்ள ஆர் இருக்கினமோ, அவையிலைதான் விழும்."

வெள்ளிக்கிழமை நடந்ததை அவளிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

*

குசினியில் அண்ணி மீனலோசனி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கலியாணமாகி ஒன்பது மாதத்தில் தனித்துப்போனவள். இரண்டு வருடமாக இந்த வீட்டில் அவள் குரல் தேவைக்கு மேல் ஒரு சொல் கேட்டதில்லை. சிரிப்பு கேட்டதே இல்லை.

குகதாசன் கதவடியில் நின்றான்.

"அண்ணி, அண்ணைக்கு ஊர் தன்னைப் பாக்கிறது பிடிக்குமோ?"

அவள் நிமிரவில்லை. "முதல் மூண்டு நாள் பிடிச்சது. பேந்து அலுத்துப்போச்சு. 'எல்லாரும் காரைத்தான் பாக்கினம் மீனா, உள்ளுக்கை ஆர் இருக்கிறதெண்டு ஒருத்தரும் பாக்கேல்லை' எண்டவர்."

"நீங்கள் அதிலை ஏறினனீங்களோ?"

"எங்கை ஏறுறது? புதுப்பொம்பிளை, கூரையில்லாத கார். வேலியெல்லாம் தலையாய் இருக்கும்." துருவலைக் கையால் ஒதுக்கினாள். "பத்தாம் நாள் சொன்னவர், 'ஒருநாள் ஒருத்தற்றை கண்ணிலையும் படாமல் நாங்கள் ரெண்டுபேரும் சுருவில் கடற்கரைக்குப் போட்டு வருவம்' எண்டு. அடுத்த நாள் காய்ச்சல்."

சுவரில் பல்லி ஒன்று சொல்லியது.

"உமக்கு ஒருத்தரும் பாக்கினமில்லை எண்டு கவலை, தம்பி" என்றாள் மீனலோசனி. "எனக்கு இந்த ஊர்க் கண் முழுக்க என்ரை மேலைதான். காலமை நான் படலையடிக்குப் போனால், ஒரு அலுவலா வெளிக்கிட்ட சனம் திரும்பிப்போய்த் தண்ணி குடிச்சிட்டுப் போகுது. முழிவியளம், சகுனம் சரியில்லையாம். அதுக்குப் பயந்து நான் படலைக்கே போறேல்லை. ஒருநாள், ஒரே ஒருநாள் இந்த ரோட்டாலை ஒரு கண்ணும் படாமல் போனனெண்டால் போதும் எண்டு இருந்தது."

இருந்தது என்றாள். இருக்கிறது என்று சொல்லவில்லை.

"வெள்ளிக்கிழமை வீட்டிலை நீங்கள் மட்டும்தானே நிண்டனீங்கள்?"

"ஓம்."

"காரை ஆரும் எடுத்தவையோ?"

அவள் கை நின்றது. பிறகு மீண்டும் துருவத் தொடங்கியது.

"கார்த் திறப்பு ஆணியிலைதான் இருந்தது" என்றாள்.

அது அவன் கேட்ட கேள்விக்குப் பதில் அல்ல. ஆனால் அவளுடைய கால்களை அவன் பார்த்தான். அவனைவிடவும் சின்னக் கால்கள். அந்த இருக்கையை முழுதாகப் பின்னால் தள்ளினால் அவளுக்குப் பெடல் கனவிலும் எட்டாது.

*

மூன்றரை மணிக்குக் குகதாசன் அம்மாவுக்குக் கேட்கும்படி, "நான் நடந்து சரவணைக்குப் போட்டு வாறன்" என்றான். குசினிக்கும் கேட்டிருக்கும். கார் முற்றத்தில் நின்றது. அதன் சாவி அலுமாரிக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது. அம்மா பாயில் கண்ணயரத் தொடங்கியிருந்தாள்.

அவன் சரவணைக்குப் போகவில்லை. சுருவில் ரோட்டு மதகடிக்குப் போனான்.

அங்கே வைத்திலிங்கம் வழமைபோல் மதகில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தார். அவனைக் கண்டதும் வாயெல்லாம் சிரித்தார்.

"வாரும் வாரும். நடந்து வந்தால்தான் உம்மை வடிவாய்ப் பாக்கலாம்."

"சைக்கிள் எப்பிடி ஐயா?"

"அம்புறோஸுக்கு ஒரு வேலை குடுத்திருக்கிறீர். விடும். என்ரை காலம் முடிஞ்சால் தந்தி வரும், காராலை வராது."

குகதாசன் சிரிக்க முயன்றான். பனந்தோப்புக்கு மேலே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ரோட்டில் ஒருவருமில்லை. தூரத்தில் சுருவில் கடல் ஒரு வெள்ளிக்கோடாகத் தெரிந்தது. பறவைகள்கூடச் சத்தம் போடாத ஒரு நேரம் இருக்கிறதே, அந்த நேரம்.

நாலு மணிபோல அந்தச் சத்தம் கேட்டது.

முதலில் ஒரு இருமல். பிறகு எஞ்சின் சீராகியது. படலை கிறீச்சிட்டது. கார் திரும்பி, சுருவில் ரோட்டுக்கு ஏறி, இவர்களை நோக்கி வந்தது. மிக மெதுவாக.

வைத்திலிங்கம் எழும்பினார். நாற்பத்து நான்கு நாள் பழக்கம்; யோசிக்கவில்லை. குகதாசனின் தோளைப் பிடித்துத் தன்னோடு வேலிப்பக்கம் திருப்பினார். "திரும்பும் தம்பி, கார் வருது. உம்மடை அம்மாவின்ரை நேர்த்தி."

இருவரும், வரும் காருக்கு இடது ஓரமாக, முகம் வேலிக்கும் முதுகு ரோட்டுக்குமாக நின்றார்கள்.

ஒரு கணம் கழித்துத்தான் தோளிலிருந்த அந்தக் கை குளிர்ந்தது.

"தம்பி."

"ஓம் ஐயா."

"நீர் இஞ்சை நிக்கிறீர்."

"ஓம்."

"அப்ப காரிலை ஆர்?"

குகதாசன் தலையைக் கொஞ்சம் திருப்பினால் போதும். இதைப் பார்க்கத்தானே வந்தான். இந்த ஊரில் கண்ணைத் திருப்பாத ஒரே ஒருவனாக இருந்து, ஒரே பார்வையில் தெரிந்துகொள்ளத்தானே வந்தான்.

கழுத்து திரும்பத் தொடங்கியது.

'அந்த நேரம் காருக்குள்ள ஆர் இருக்கினமோ, அவையிலைதான் விழும்.'

அவனுக்கு அதில் நம்பிக்கை இல்லை. கொழும்பில் இருப்பவன், காய்ச்சல் கிருமியால் வருகிறது என்று படித்தவன். ஆனாலும் 'ஒரே ஒருநாள்' என்று சொன்ன அந்தக் குரல் காதில் இருந்தது. நாற்பத்து நான்கு நாளும் தன்னை ஒருவரும் பார்க்கவில்லை என்று புழுங்கிக்கொண்டிருந்த அதே தெரு, இன்னொருத்திக்கு இரண்டு வருடத்தில் கிடைத்த முதல் தெரு.

அவன் கழுத்தை மறுபடியும் வேலிப்பக்கம் திருப்பினான்.

"ஆரெண்டாலும் பாக்கவேண்டாம் ஐயா" என்றான்.

கார் நெருங்கியது. சாய்ந்த வெயிலில் அதன் நிழல் அவர்களுக்கு முன்னால் கிடுகுவேலியில் ஏறத் தொடங்கியது. முதலில் பொனற்றின் நிழல். அடுத்து கண்ணாடியின் நிழல். அதற்குப் பின்னால் வரப்போவது தலைகளின் நிழல். குகதாசன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். நிழலும் பார்வைதானே.

ஹோன் அடித்தது. இரண்டு குறில், ஒரு நெடில்.

பெற்றோல் மணமும் சூடும் முதுகில் வந்து மோதின. அப்போதுதான் அந்தச் சிரிப்பு கேட்டது. மெல்லிய சிரிப்பு, நெடுநாள் பாவிக்காத கதவு திறப்பதுபோலத் தொடங்கி, பிறகு தன்னை மறந்து பொங்கிய சிரிப்பு. இரண்டு வருடமாய் அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. மீனலோசனியின் சிரிப்பு.

அண்ணிதான். அவளேதான் ஓட்டிக்கொண்டு போகிறாள். குகதாசனுக்கு மூச்சு வந்தது. கண்ணீரும் வந்தது. நல்லகாலம் பார்க்கவில்லை என்று நினைத்தான்.

கார் கடந்து போனது. சத்தம் கடலை நோக்கித் தேய்ந்தது.

பிறகுதான் அவன் உடம்பு மெல்லச் சில்லிட்டது.

சிரிப்பு மிக அருகில் கேட்டது. கை நீட்டினால் தொடும் தூரத்தில், அவன் முதுகோடு ஒட்டியாற்போல் கேட்டது. அவன் நிற்பது ரோட்டின் இடது ஓரம். அந்தக் காரில் இடது பக்கம் இருப்பது கூட வருபவரின் இருக்கை.

ஸ்டியறிங் வலது பக்கம்.

அவன் கிடுகுவேலியைப் பற்றிக்கொண்டான். நாளைப் பின்னேரம் நயினாதீவில் அம்மா பொங்கலை இறக்குவாள். நேர்த்தி முடியும். அதற்குப் பிறகு இந்தத் தெரு முழுவதும் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிடும். அந்த நாளுக்காகவே ஒவ்வொரு நாளாய்க் காத்திருந்தவன், இப்போது அது வராமலிருக்க வேண்டும் என்று நினைத்தான்.

"சத்தம் ஓய்ஞ்சிட்டுது" என்றார் வைத்திலிங்கம். அவர் குரல் ஒரு சின்னப் பிள்ளையின் குரலாகியிருந்தது. "இப்ப திரும்பலாமோ, தம்பி?"

"வேண்டாம் ஐயா" என்றான் குகதாசன். "அவை திரும்பி வருவினம். வந்து போகுமட்டும் இப்பிடியே நிப்பம்."